லட்சம் பேர் மின்னஞ்சல் அனுப்பினால் அரசு கேட்குமா?

ஏதாவது ஒரு சட்ட வரைவு சர்ச்சையாகும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிச் செய்தி வந்து விழும். இன்றே கடைசி நாள், கீழே இருக்கும் லிங்க்கைத் தட்டினால் மின்னஞ்சல் தானாகத் திறக்கும், எழுதி வைத்தது அப்படியே இருக்கும், அனுப்பு என்பதை மட்டும் அழுத்துங்கள், பத்து பேருக்குப் பகிருங்கள். நாமும் அழுத்துகிறோம். அப்புறம் சில வாரம் கழித்து இரண்டு விதமான பேச்சு கேட்கும். "இத்தனை லட்சம் பேர் எதிர்த்தும் கேட்கலையே, இது என்ன ஜனநாயகம்?" என்பது ஒன்று. "அந்த மெயிலை எவன் படிக்கப் போறான், எல்லாம் குப்பைக்குத்தான் போகும்" என்பது இன்னொன்று.

நாம் அனுப்பிய மின்னஞ்சல் உண்மையில் என்ன, அது போய்ச் சேர்ந்த இடத்தில் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பது தெரியாததால்தான் இரண்டு பேச்சும் வருகிறது. தேர்தலுக்கும் தேர்தலுக்கும் நடுவில் நமக்கு இருக்கும் மிகச் சில வழிகளில் இது ஒன்று. சமூக ஊடகம் இந்த வழியை வெகுவாக மாற்றியிருக்கிறது, சில இடங்களில் அகலமாக்கி, சில இடங்களில் அடைத்து. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கருத்துக்கேட்பு என்பது வாக்கெடுப்பா?

ஒரு கல்யாண வீடு. பெண்ணின் அப்பா சொந்தக்காரர்களைக் கூட்டி, விருந்தில் என்ன போடலாம் என்று கேட்கிறார். நாற்பது பேர் "பால் பாயசம் போடுங்க" என்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு சித்தி, "மாப்பிள்ளை வீட்டுல ஒரு முப்பது பேர் வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டாங்க, அவங்களுக்குத் தனியா சமைக்கணும்" என்கிறார். நாற்பது குரலும் சேர்ந்து சொன்ன செய்தி ஒன்றே ஒன்று. சித்தி சொன்னதோ வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம். சமையல் பட்டியலை மாற்றுவது அதுதான். அதற்காக அந்த நாற்பது பேரின் பேச்சு வீண் என்றும் சொல்ல முடியாது. பாயசம் இல்லாமல் பந்தி வைத்தால் மனத்தாங்கல் வரும் என்று வீட்டுக்காரருக்குப் புரிந்துவிடும், அதுவும் அவருக்குத் தேவையான தகவல்தான்.

பொதுக் கருத்துக்கேட்பு இப்படிப்பட்டது. ஒரு விதியை இறுதி செய்வதற்கு முன், அதன் வரைவை வெளியிட்டு, குறிப்பிட்ட நாளுக்குள் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று அரசோ ஒழுங்குமுறை ஆணையமோ அறிவிப்பதுதான் கருத்துக்கேட்பு. முடிவு எடுப்பவர் அவர்களே. நாம் கொடுப்பது வாக்கு இல்லை, காரணமும் தகவலும்.

எல்லா இடத்திலும் இதற்கு ஒரே பலம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிப்படையாகச் செயல்பட்டாக வேண்டும். சுற்றுச்சூழல் விதிகளில், வரைவு அறிவிக்கைக்கு ஆட்சேபம் சொல்ல 60 நாள் தருவது விதியிலேயே இருக்கிறது. மற்றச் சட்ட வரைவுகளுக்கு 2014-இல் ஒன்றிய அரசு வகுத்த ஒரு கொள்கை உண்டு, குறைந்தது 30 நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று. ஆனால் அது கொள்கைதான், சட்டம் இல்லை. மீறினால் கேட்க ஆளில்லை, பல வரைவுகள் அந்தப் படியை மிதிக்காமலே நாடாளுமன்றத்துக்குப் போய்விடுகின்றன.

சுருக்கமாக, கருத்துக்கேட்பில் தலையை எண்ணி முடிவெடுப்பதில்லை. ஆனால் தலைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்றும் ஆகாது.

வலைப்பின்னல் எதை மாற்றியது

இணையத்துக்கு முன்பும் கருத்துக்கேட்பு இருந்தது. யார் கலந்துகொண்டார்கள்? அரசிதழில் வரைவு வந்திருப்பது தெரிந்தவர்கள், அதன் ஆங்கிலத்தை முழுசாகப் படிக்க நேரம் இருந்தவர்கள், டில்லிக்குப் பதில் எழுதத் தெரிந்தவர்கள். அதாவது நிறுவனங்களின் வழக்கறிஞர்கள், தொழில் கூட்டமைப்புகள், விடாப்பிடியான சில தொண்டு அமைப்புகள். கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது, அங்கே போய்ச் சேருகிற செலவுதான் சாதாரண ஆளுக்குக் கட்டுப்படியாகவில்லை. செலவு என்று பணத்தை மட்டும் சொல்லவில்லை. செய்தி தெரிவது, புரிந்துகொள்வது, எழுதுவது, தன்னைப்போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்ற தைரியம் வருவது, எல்லாமே செலவுதான்.

வலைப்பின்னல் என்று நான் சொல்வது ஃபேஸ்புக், எக்ஸ், யூடியூப், வாட்ஸ்அப் போன்றவற்றை. ஒருவர் சொன்னது அவருக்குத் தெரிந்தவர்கள் வழியாக, யாருடைய அனுமதியும் இல்லாமல், அவருக்குத் தெரியாதவர்கள் வரை போகும் அமைப்பு. இது அந்தச் செலவைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கியது. இந்தியாவில் இதை முதலில் பெரிய அளவில் காட்டியது 2015-இல் நடந்த ஒரு சம்பவம்.

2015: பத்து லட்சம் மின்னஞ்சல்

நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணையச் சமத்துவம்: நம் டேட்டாவை நாம் எந்தத் தளத்துக்குப் பயன்படுத்தினாலும் தொலைத்தொடர்பு நிறுவனம் வேகத்திலும் விலையிலும் வேறுபாடு காட்டக் கூடாது என்பது. 2014 டிசம்பரில் ஏர்டெல், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. 2015 மார்ச் 27 அன்று டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. 118 பக்கம், 20 கேள்விகள், ஏப்ரல் 24 வரை அவகாசம். தொழில்நுட்ப மொழியில் எழுதிய அதைச் சாதாரண வாசகர் யாரும் தொட மாட்டார்கள்.

அங்கேதான் தன்னார்வலர்கள் சிலர் ஒரு வேலை செய்தார்கள். அறிக்கையைச் சுருக்கி எழுதினார்கள், 20 கேள்விகளுக்கும் பதில் தயாரித்தார்கள், அதை ஒரு தளத்தில் வைத்து, விரும்பியவர்கள் திருத்தி அனுப்பலாம் என்றார்கள். ஏஐபி என்ற நகைச்சுவைக் குழு ஒரு காணொளியில் விஷயத்தை எளிமையாக விளக்கியது, அது காட்டுத்தீயாகப் பரவியது. ஏப்ரல் 24-க்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் டிராய்க்குப் போயிருந்தன. டேட்டா செலவைத் தளம் நடத்துபவரே ஏற்க, பயனர் கட்டணமில்லாமல் பார்க்கும் ஏர்டெல் ஜீரோ என்ற திட்டத்தில் சேருவதாக இருந்த ஃபிளிப்கார்ட், இந்தச் சூட்டில் ஏப்ரல் 14-ஆம் தேதியே விலகிக்கொண்டது.

இந்த வெற்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் 10 லட்சம் என்ற எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அந்த மின்னஞ்சல்களுக்குள் 20 கேள்விகளுக்கும் பதில் இருந்தது. அவையும் வார்ப்பு மின்னஞ்சல்கள்தான், அதாவது ஒருவர் எழுதி வைத்ததைப் பலர் தம் பெயரில் அனுப்பியவை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொன்ன வார்ப்பு.

அதே கருவி, மறுபக்கம்

சில மாதத்திலேயே இது தலைகீழானது. ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் என்ற சேவையை 2015 பிப்ரவரியில் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தொடங்கியிருந்தது. தேர்ந்தெடுத்த சில தளங்கள் மட்டும் டேட்டா கட்டணம் இல்லாமல் கிடைக்கும். பிறகு இதற்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். அந்த டிசம்பரில் டிராய், தளத்துக்குத் தளம் வேறு வேறு விலை வைக்கலாமா என்று இன்னொரு கலந்தாய்வைத் தொடங்கியது. இந்த முறை 4 கேள்விகள்.

ஃபேஸ்புக் தன் பயனர்களுக்கே அறிவிப்பு அனுப்பியது: ஃப்ரீ பேசிக்ஸைக் காப்பாற்றுங்கள், இதை அழுத்தினால் டிராய்க்கு மின்னஞ்சல் போகும். லட்சக்கணக்கில் போனது. நெடுஞ்சாலையின் உரிமையாளரே ஊர்வலத்தையும் நடத்தியபோது, தன்னார்வலர்கள் பல வாரம் பாடுபட்டுச் சேர்த்த எண்ணிக்கையை அது ஒரு பொத்தானால் தாண்டிவிட்டது. அந்த மின்னஞ்சல்களில் ஃப்ரீ பேசிக்ஸுக்கு ஆதரவு என்று இருந்தது, டிராய் கேட்ட 4 கேள்விகளுக்குப் பதில் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லச் செய்யுங்கள் என்று டிராய் அந்த நிறுவனத்துக்கு எழுதியது. 2016 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், காரணங்களோடு நடக்க வேண்டிய கலந்தாய்வை வெறும் பெரும்பான்மைக் கணக்காக மாற்றுகிறீர்கள் என்ற பொருளில் கடுமையாகவே சாடியது.

2016 பிப்ரவரி 8 அன்று முடிவு வந்தது. உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறு வேறு விலை வைக்கத் தடை, மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். மூன்று நாளில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது. விதியோடு சேர்த்து டிராய் தன் காரணங்களையும் விளக்கமாக வெளியிட்டது. பயனரின் இணைய அனுபவம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களே வடிவமைக்க விடுவதாகிவிடும் என்பது அதில் முக்கியமானது. எண்ணிக்கைதான் எல்லாம் என்றிருந்தால் முடிவு வேறு மாதிரி வந்திருக்கலாம். இதை ஒரு நல்ல முடிவு என்று நினைக்கிறேன், அது எடுக்கப்பட்ட விதத்துக்காக இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

இதுவரை பார்த்தது: வலைப்பின்னல் எண்ணிக்கையை மலிவாக்கியது, எல்லாத் தரப்புக்கும், காசும் தளமும் கையில் வைத்திருப்பவருக்கு இன்னும் மலிவாக. அதனால் எண்ணிக்கையின் எடை குறைந்தது, காரணத்தின் எடை கூடியது.

எது பரவும், எது பரவாது

எல்லாவற்றுக்கும் அல்காரிதம்தான் காரணம் என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அல்காரிதம் என்பது, இங்கே, எந்தப் பதிவை யாருக்கு எந்த வரிசையில் காட்டுவது என்று முடிவெடுக்கும் கணக்கு. நீங்கள் எதற்கு நின்று பார்ப்பீர்கள், எதற்குக் கோபப்படுவீர்கள், எதைப் பகிர்வீர்கள் என்று ஊகித்து அதை மேலே வைக்கிறது. ஃபேஸ்புக், யூடியூப், எக்ஸ் எல்லாம் இப்படித்தான். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அப்படி ஒரு கணக்கு கிடையாது. அங்கே செய்திகள் வந்த வரிசையில்தான் நிற்கின்றன, பரப்புவது முழுக்க நம் விரல்தான். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியதே இந்த விரலை மெதுவாக்கத்தான்.

ஆக, இயந்திரம் வரிசைப்படுத்தினாலும் மனிதர் முன்னனுப்பினாலும், போய்ச் சேருவது ஒரே வகைச் செய்தி: சின்னதாக, பயமோ கோபமோ தருவதாக, உடனே ஏதாவது செய்யச் சொல்வதாக. "திரும்பப் பெறு" என்பது மின்னல் வேகத்தில் போகும். "இந்தப் பிரிவில் 30 நாள் என்றிருப்பதை 20 ஆகக் குறைக்காதீர்கள், எங்கள் ஊரில் அறிவிப்பு வந்து சேரவே இரண்டு வாரமாகும்" என்பது நகராது. அதிகாரிக்குத் தேவைப்படுவதோ இரண்டாவது.

2020: சுற்றுச்சூழல் வரைவு

அந்த 30 நாள், 20 நாள் கற்பனை உதாரணம் இல்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு (ஒரு ஆலையோ சுரங்கமோ சாலையோ வருவதற்கு முன் அதனால் நிலம், நீர், மக்கள் வாழ்க்கை என்னவாகும் என்று ஆராய்வது) தொடர்பான 2020 வரைவு அறிவிக்கை, பொது விசாரணையில் மக்கள் பதிலளிக்கும் காலத்தை 30 நாளிலிருந்து 20 ஆகக் குறைக்க முன்மொழிந்தது. அனுமதி இல்லாமல் தொடங்கிய திட்டங்களுக்குப் பிறகு அனுமதி வாங்க வழி செய்தது. நிபந்தனைகளைப் பின்பற்றுவது பற்றித் திட்டம் நடத்துபவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய அறிக்கையை வருடத்துக்கு ஒன்றாக்கியது.

கொரோனா ஊரடங்கு நேரம். வெளியே கூட முடியாத நிலையில் வலைப்பின்னல் மட்டுமே இருந்தது, தமிழ்நாட்டில் அந்த ஜூலையில் இதைப் பற்றிப் பேசாத ஆளில்லை. நடிகர்கள் கார்த்தி, சூர்யா குரல் கொடுத்தார்கள். யூடியூபில் விளக்கக் காணொளிகள் குவிந்தன. ஆனால் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருந்தது. டில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று, அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்து, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னது. சட்டப்படி இரண்டு மொழி போதும் என்று வாதாடிய ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. தமிழில் வரைவே வராத நிலையில் தமிழர் எத்தனை பேர் பிரிவு பிரிவாகப் பதில் எழுத முடியும்? "எதிர்க்கிறோம்" என்று ஒற்றை வரி எழுதியவர்களைக் குறை சொல்வதற்கு முன் இதைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. ஒரே தலைப்பில் மின்னஞ்சல்கள் குவிகின்றன என்று சுற்றுச்சூழல் அமைச்சர் தரப்பிலிருந்து புகார் போக, இயக்கம் நடத்திய இளைஞர் அமைப்பான ஃப்ரைடேஸ் ஃபார் ஃப்யூச்சர் இந்தியாவின் தளம் முடக்கப்பட்டது. டில்லி காவல்துறை அனுப்பிய அறிவிக்கையில் முதலில் பயங்கரவாதத்துக்கு எதிராகப் பயன்படுத்தும் உபா சட்டமே (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) குறிப்பிடப்பட்டிருந்தது, பிறகு அது தவறுதலாகப் போய்விட்டது என்று திரும்பப் பெற்றார்கள். கருத்துச் சொல்லுங்கள் என்று அழைத்துவிட்டு, வந்த கருத்தின் எண்ணிக்கையைக் குற்றமாகப் பார்ப்பது எந்த விதத்திலும் ஏற்க முடியாதது. அந்த வரைவு, லட்சக்கணக்கான கருத்துகளுக்குப் பிறகு, அப்படியே இறுதி அறிவிக்கையாக வரவில்லை. ஆனால் மதிப்பீட்டு விதிகளில் சின்னச் சின்னத் திருத்தங்கள் அவ்வப்போது வந்துகொண்டே இருந்தன, அவற்றுக்கு எந்த ஹேஷ்டேக்கும் எழவில்லை. ஒரே நாளில் பெரிதாக எழும் கவனம் சின்னத் திருத்தங்களின் பின்னால் போவதில்லை.

போலி வெள்ளம்

எண்ணிக்கை எவ்வளவு தூரம் கெட்டுப்போக முடியும் என்று பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 2017-இல் அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் இணையச் சமத்துவ விதிகளை நீக்க முனைந்தபோது 2.2 கோடிக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்து 2021 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி அவற்றில் சுமார் 1.8 கோடி போலி. 85 லட்சம், அகன்ற அலைவரிசை நிறுவனங்களின் காசில் நடந்த பிரச்சாரத்தில், பலரின் பெயரை அவர்களுக்கே தெரியாமல் போட்டு அனுப்பியவை. 77 லட்சம், 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் மென்பொருளால் கற்பனைப் பெயர்களில் எதிர்த்தரப்புக்காக அனுப்பியவை. இரண்டு பக்கமும் போலி! இவற்றுக்கு நடுவில் உண்மையாக உட்கார்ந்து எழுதியவர்களின் குரலைத்தான் இந்த வெள்ளம் மூழ்கடித்தது.

வேறு மாதிரி கட்டலாமா

கட்டலாம், தைவான் முயன்று பார்த்தது. 2014 மார்ச் 18 அன்று, சீனாவோடு செய்த வணிக ஒப்பந்தத்தை அவசரமாக நிறைவேற்றப் பார்க்கிறார்கள் என்று மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து மூன்று வாரத்துக்கும் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, குடிமைத் தொழில்நுட்பத் தன்னார்வலர்களும் அரசும் சேர்ந்து வி-தைவான் என்ற கலந்தாய்வு முறையை உருவாக்கினார்கள். 2015-இல் ஊபர் பிரச்சினை அதில் வந்தது. டாக்சி ஓட்டுநர்கள் ஒரு பக்கம், ஊபர் பயனர்கள் ஒரு பக்கம், தெருவில் கைகலப்பு வராத குறை.

அவர்கள் பயன்படுத்திய போல்.இஸ் என்ற மென்பொருளில் பதில் எழுதும் பொத்தான் இல்லை. ஒருவர் ஒரு கூற்றை எழுதலாம், மற்றவர்கள் ஒப்புக்கொள்கிறேன், இல்லை, கடந்துபோகிறேன் என்று மட்டும் சொல்லலாம். சண்டை போட இடமே கிடையாது. ஒரே மாதிரி பதில் சொன்னவர்களைக் கணினி குழுவாகச் சேர்த்துப் படம் போட்டுக் காட்டும். அப்புறம்தான் முக்கியமான வேலை: எதிரெதிர்க் குழுக்கள் இரண்டுமே ஒப்புக்கொண்ட கூற்றுகளைத் தேடி மேலே வைக்கும். சத்தமாக இருப்பது மேலே வருவதற்குப் பதிலாக, இரு தரப்புக்கும் பொதுவாக இருப்பது மேலே வருகிறது. ஓட்டுநருக்குத் தொழில்முறை உரிமம், பயணிக்குக் காப்பீடு என்பவற்றில் இரு தரப்பும் ஒத்துப்போனது இப்படித் தெரியவந்தது, பிறகு வந்த விதிகளிலும் அவை இடம்பெற்றன. இதை மந்திரம் மாதிரிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் வி-தைவான் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது, விருப்பம் உள்ள அமைச்சர் இருக்கும்வரைதான் ஓடும். ஆனால் வலைப்பின்னல் கோபத்தைத்தான் பெருக்கும் என்பது இயற்கை விதி இல்லை, எதை மேலே வைப்பது என்று யாரோ எடுத்த முடிவு அது, மாற்றவும் முடியும் என்று அது காட்டிவிட்டது.

அடுத்த முறை அந்த லிங்க் வரும்போது

வார்ப்பு மின்னஞ்சலை அனுப்ப வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதை அனுப்பும் முன் மேலே நான்கு வரி சேருங்கள், தமிழிலேயே. எந்தப் பிரிவு, அது உங்கள் தெருவில் அல்லது தொழிலில் என்ன செய்யும், அதற்குப் பதில் என்ன இருக்கலாம். மீனவரோ விவசாயியோ கடைக்காரரோ எழுதும் இப்படியான நான்கு வரியை டில்லியில் இருக்கும் எந்த நிபுணராலும் எழுத முடியாது, வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் அதில்தான் இருக்கிறது. தலைப்பையும் மாற்றுங்கள், ஒரே தலைப்பில் வந்ததையெல்லாம் ஒரே சொடுக்கில் ஒதுக்கிவிட முடியும். தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் கட்டாயமில்லை என்றால் போடாதீர்கள். 2015-இல் டிராய் எல்லா மின்னஞ்சல்களையும் அனுப்பியவர்களின் முகவரியோடு தன் தளத்தில் போட்டுவிட்டது, லட்சக்கணக்கானோரின் முகவரி எந்த விளம்பரக்காரரும் எடுத்துக்கொள்ளும்படி கிடந்தது.

அனுப்பிய பிறகு செய்ய வேண்டியது இன்னொன்று, இதை யாரும் பகிர்வதில்லை. டிராய் பொதுவாக வந்த கருத்துகளை வெளியிடுகிறது, அவற்றுக்கு மற்றவர்கள் மறுகருத்துச் சொல்லவும் நாள் தருகிறது. எல்லாத் துறையும் அப்படி இல்லை. 2025 ஜனவரியில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவுக்குக் கருத்துக் கேட்டபோது, வரும் கருத்துகள் வெளியிடப்பட மாட்டா என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வெளியிடாவிட்டால் யார் என்ன சொன்னார்கள், எந்த நிறுவனத்தின் யோசனை ஏற்கப்பட்டது, நம் யோசனைக்கு என்ன பதில் என்று ஒப்பிட்டுப் பார்க்கவே வழியில்லை. அந்த 2014 கொள்கையிலேயே, வந்த கருத்துகளின் சுருக்கத்தைத் துறையின் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. கடைசித் தேதி முடிந்து சில மாதம் ஆகியும் அது வரவில்லை என்றால், எங்கே அந்தச் சுருக்கம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், ஒன்றிய அரசுத் துறைகளுக்கு இணையத்திலேயே போடலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.